அத்தையின் பெட்டியும் ஜூலியின் காலும்

எங்கள் குடியிருப்பில் எந்த வீட்டு நாய் எந்த சோபாவின் மேல் காலைத் தூக்கினாலும் முதல் போன் எனக்குத்தான் வரும். நான் கால்நடை மருத்துவர் இல்லை. பள்ளியில் புவியியல் நடத்துகிறவள். ஆனாலும் மேடவாக்கத்தில் நாற்பது வீடுகள் கொண்ட இந்தக் கட்டடத்தில், நாய் வீட்டுக்குள் ஈரம் பண்ணுகிற விஷயத்தில் என்னைவிட்டால் ஆள் இல்லை என்று ஒரு பேர் கிடைத்திருக்கிறது. அந்தப் பேரை நான் மறுத்ததும் இல்லை. போன உடனே வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "புதுசா என்ன வந்திருக்கு?" என்று கேட்பேன். ஒன்றுமே வரவில்லை என்று சத்தியம் செய்வார்கள். பத்து நிமிடம் குடைந்தால் ஒரு தொட்டிலோ, ஒரு மாமியாரோ, பழைய சாமான் கடையில் வாங்கின நாற்காலியோ வெளியே வரும். அதற்கப்புறம் வழி சொல்வது சுலபம்.

இந்த வித்தையை நான் கற்றுக்கொண்டது பத்து வயதில், பெருங்களத்தூரில் இருந்த எங்கள் வீட்டில். ஒரே ஒரு நாய், ஒரே ஒரு பெட்டி. படிப்பு அவ்வளவுதான்.

நாயின் பெயர் ஜூலி. அது ஆண் நாய். அம்மா பிறந்த வீட்டில் வளர்ந்த நாய்கள் அத்தனைக்கும் ஜூலி என்றுதான் பெயர். தாம்பரம் மார்க்கெட்டில் ஒரு கீரைக்காரம்மாவின் கூடையிலிருந்து அந்தக் குட்டியைத் தூக்கி வந்த அன்றே, வாலுக்குக் கீழே பார்க்காமல் அம்மா அந்தப் பெயரை வைத்துவிட்டாள். ஏழெட்டு மாதம் கழித்து வாசல் தூணில் அது முதல்முறையாகக் காலைத் தூக்கியபோதுதான் எல்லோருக்கும் விஷயம் விளங்கியது. அதற்குள் அது ஜூலி என்றால் திரும்பிப் பார்க்கக் கற்றிருந்தது. பெயரை மாற்றவில்லை.

ஜூலி சுத்தக்காரன். காலையிலும் மாலையிலும் தெருவில் ஒரு சுற்று. மின்கம்பம், முருங்கை மரம், எதிர்வீட்டு வேனின் பின்சக்கரம் என்று அவனுக்கு ஒரு வரிசை உண்டு. வீட்டுக்குள் மூன்று வருடத்தில் ஒரு சொட்டு சிந்தியதில்லை. மழை விடாமல் கொட்டி, தெருவில் முழங்கால் தண்ணீர் நின்ற நாளில்கூட, அப்பா குடை பிடித்து மொட்டை மாடிக்குக் கூட்டிப் போகும்வரை அடக்கிக்கொண்டு இருந்தான். அதை அப்பாவே ஆபீஸில் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அப்படிப்பட்டவன் கெட்டுப்போனது அத்தை வந்த பிறகுதான்.

அத்தை அப்பாவுக்கு ஒரே தங்கை. பெற்றவர்கள் இல்லாததால் அப்பாதான் கேளம்பாக்கத்தில் மாப்பிள்ளை பார்த்துக் கல்யாணம் செய்து வைத்தார். இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஒருநாள் விளக்கேற்றுகிற நேரத்துக்கு அத்தை தனியாக வந்து நின்றாள். கையில் ஒரு மெரூன் நிறத் துணிப்பெட்டி, சக்கரம் வைத்தது, அப்பா கல்யாணத்துக்கு வாங்கிக் கொடுத்தது. முகமும் கையும் வெயிலில் கன்றிப்போய்க் கறுத்திருந்தன. கேளம்பாக்கத்துக்குப் பக்கத்தில்தான் கோவளம். என்னை விட்டுவிட்டுக் கடற்கரையில் நாள் முழுக்க ஆட்டம் போட்டுவிட்டு வந்திருக்கிறாள் என்று முடிவு கட்டி, நான் இரண்டு நாள் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

"அத்தை லீவுக்கு வந்திருக்காங்க, நாலு நாள் இருப்பாங்க" என்று அம்மா சொன்னாள். எங்களுடையது ஒரு ஹால், ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை. படுக்கையறையில் இருந்த ஒற்றைப் பீரோ கதவைச் சாத்தவே தோளைக் கொடுத்துத் தள்ள வேண்டும். அதனால் பெட்டி ஹாலில், டிவிக்குப் பக்கத்துச் சுவரோடு சாய்ந்து நின்றது. அத்தை காலையில் அதைத் திறந்து ஒரு புடவையை எடுப்பாள். துவைத்துக் காய்ந்ததை மாலையில் மடித்து அதிலேயே வைத்து மூடுவாள். நாலு நாள் போய் மூன்று வாரம் ஆயிற்று. பெட்டி அங்கேயேதான் நின்றது.

மூன்றாம் நாளே ஜூலி அதன் மேல் காலைத் தூக்கிவிட்டான். குளம் கட்டுகிற அளவெல்லாம் இல்லை, இரண்டு தேக்கரண்டி இருக்கும். பெட்டியின் முன் மூலையில் ஒரு கோடு, கீழே சின்னதாக ஒரு ஈரம். அம்மா துடைத்தாள். மறுநாளும் அதே மூலை. பிறகு பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த சோபாவின் கால், அதற்கப்புறம் அத்தை நாற்காலியில் மாட்டி வைத்த கைப்பை, ஒருநாள் பிரிட்ஜின் ஓரம். அத்தை எங்களுக்கு முன்னால் எழுந்து, யார் கண்ணிலும் படுவதற்குள் துடைத்துவிடப் பார்ப்பாள். நாய் செய்த வேலைக்கு அவள் ஏன் இப்படிக் கூனிக் குறுகுகிறாள் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

அப்பா தன் வழியில் வைத்தியம் பார்த்தார். பேப்பரைச் சுருட்டி இரண்டு அடி. கழுத்தைப் பிடித்து இழுத்துப்போய் ஈரத்தில் மூக்கைத் தேய்த்தார். ஆபீஸிலிருந்து ஆறரைக்கு வருகிறவர், மத்தியானம் ஜூலி செய்ததற்கு ஆறரைக்கு அடித்தால் அவனுக்கு என்ன புரியும்? பேப்பரைக் கண்டால் கட்டிலுக்கடியில் ஓட வேண்டும் என்பது புரிந்தது. ஆள் இருக்கும்போது செய்யக்கூடாது என்பதும் புரிந்தது. அதன்பிறகு யாரும் ஹாலில் இல்லாத நேரம் பார்த்துச் செய்ய ஆரம்பித்தான்.

அம்மாவின் வைத்தியம் பினாயில். வீடு முழுக்க ஆஸ்பத்திரி வாடை அடித்தது. பினாயில் காய்வதற்குள் ஜூலி அதே இடத்துக்கு வந்து, முகர்ந்து பார்த்து, தன் வாசனை போய்விட்டதே என்று கவலைப்பட்டவனாகப் புதிதாக வைத்துவிட்டுப் போனான்.

பக்கத்து வீட்டு ஆன்ட்டி வந்து பார்த்துவிட்டு, "இதுக்கா இவ்ளோ கவலைப்படறீங்க? பாட்டில்ல தண்ணி ஊத்தி நாலு சொட்டு நீலம் விட்டு வைங்க. நாய் கிட்டயே வராது" என்றார். எங்கள் தெருவில் பாதி வீட்டு வாசலில் அப்படி நீலத் தண்ணீர் பாட்டில்கள் இருக்கும், தெருநாய் கேட்டை ஈரமாக்காமல் இருக்க. ஆனால் அதை வீட்டுக்குள் அடுக்கி வைத்த குடும்பம் தாம்பரம் வட்டாரத்திலேயே எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும். அம்மா சேர்த்து வைத்திருந்த கூல்டிரிங்ஸ் பாட்டில், தண்ணீர் பாட்டில் எல்லாம் கழுவி, சொட்டு நீலம் கலந்து, பெட்டியைச் சுற்றி ஆறு, சோபாவுக்கு நாலு, பிரிட்ஜுக்கு ஒன்று என்று பதினொரு பாட்டில்களை நிற்க வைத்தாள். டிவி பார்க்க வேண்டுமானால் அவற்றைத் தாண்டித்தான் உட்கார வேண்டும். கேபிள்காரர் வந்து, ஏதோ பூஜை நடக்கிறது என்று செருப்பை இன்னும் இரண்டடி தள்ளிக் கழற்றிவிட்டு வந்தார்.

ஜூலி பாட்டில்களை ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்தான். பிறகு நடுவில் நின்ற பெரிய பாட்டிலைத் தேர்ந்தெடுத்து அதன்மேல் காலைத் தூக்கினான். பாட்டில் சரிந்து உருண்டு, மூடி கழன்று, ஹால் தரை முழுவதும் நீலம் ஓடியது. டைல்ஸ் இடுக்குகளில் அந்த நீலம் வருடக்கணக்கில் போகவில்லை.

அந்த நீலத்தைத் துடைத்து முடித்த அன்று, புதன்கிழமை மாலை, அப்பா தன் முடிவைச் சொன்னார். வண்டலூரிலிருந்து கேளம்பாக்கம் போகிற ரோட்டில், கண்டிகை தாண்டி, அவருடன் வேலை செய்பவரின் மச்சானுக்கு ஒரு குடோன் இருந்தது. காவலுக்கு நாய் தேடிக்கொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கார் சொல்லியாகிவிட்டது. போகிற வழியில் ஜூலியைக் குடோனில் விட்டுவிட்டு, அப்படியே அத்தையைக் கேளம்பாக்கத்தில் கொண்டுபோய் விட்டுவிடலாம். மூன்று வாரமாக அப்பா அத்தையின் புகுந்த வீட்டாரோடு போனில் பேசிக்கொண்டுதான் இருந்தார். "சின்னச் சின்ன மனஸ்தாபம்தானேங்க, எந்த வீட்ல இல்ல, நானே கொண்டு வந்து விடறேன்" என்று அவர் தணிந்த குரலில் சொல்வதை நாங்கள் எல்லோரும் கேட்டிருந்தோம். ஒரே கார், ஒரே ரோடு, இரண்டு வேலை. அப்பா எதையும் வீணாக்காத மனிதர்.

அந்தத் திட்டத்தில் எனக்கு ஒரே ஒரு குறைதான் தெரிந்தது. அது ஜூலி.

நான் கத்திக் கூப்பாடு போட்டேன். சாப்பாடு வேண்டாம் என்றேன். அத்தை என்னைத் தூக்கி நிறுத்தப் பார்த்தாள். பிறகு அப்பாவிடம், "நாயை அனுப்பாதீங்கண்ணா. நான் போயிட்டா அதுவா சரியாயிடும். நான் மட்டும் போறேன்" என்றாள். அதைக் கேட்டவுடன் என் அழுகை நின்றது. "ஞாயித்துக்கிழமை காலையிலேயே போயிடுவீங்களா அத்தை?" என்று கேட்டேன். இன்றைக்கு இதை எழுதும்போதும் எனக்குக் கூசுகிறது. அத்தை என் தலையைத் தடவி, போயிடுவேன் என்றாள். அப்பா மட்டும் அசையவில்லை. பழகிப்போன நாய் இனி திருந்தாது, குடோன் குடோன்தான் என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

மறுநாள் நான் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன். அம்மா என்னைத் திட்டவில்லை. ஜூலிக்குச் சங்கிலி மாட்டி, என்னையும் கூட்டிக்கொண்டு, மேற்குத் தாம்பரத்தில் இருந்த ஒரு நாய் டாக்டரிடம் கிளம்பினாள். ஆட்டோக்காரர் ஜூலியைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார்.

"இன்னாமா, நாய் சுத்தமா கீதா? சீட்டு இப்பத்தான் மாத்திகினு வந்தேன்."

"வெளியில எல்லாம் ரொம்ப ஒழுக்கம்ணா. வீட்டுக்குள்ளதான் போகும்" என்றேன் நான், அவன் மானத்தைக் காப்பாற்றுகிற நினைப்பில்.

டாக்டர் ஒரு பெண்மணி. மேசைக்கு அந்தப் பக்கம் காத்திருந்த கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே வேகமாகப் பேசுகிறவர். சீட்டில் ஜூலி என்று எழுதினார். மேசை மேல் ஏற்றிப் பார்த்தார். பேனாவை எடுத்துப் பெயருக்குப் பக்கத்தில் ஆண் என்று எழுதி அடிக்கோடு போட்டார். மூத்திரம் பிடித்துப் பார்த்து, நோய் எதுவும் இல்லை என்றார்.

"உச்சா போறது வேற, இது வேறம்மா. அடக்க முடியாம போனா நெறைய போகும். இது ரெண்டு சொட்டு, அதுவும் நிக்கிற சாமான் மேல. கையெழுத்துப் போடுது. 'இது என் வீடு'ன்னு எழுதி வைக்குது. எதையோ பார்த்து அதுக்குச் சந்தேகம் வந்திருக்கு. புதுசா யாராவது வந்திருக்காங்களா வீட்டுக்கு?"

"யாரும் வரல டாக்டர்" என்றாள் அம்மா.

நான் அம்மாவை நிமிர்ந்து பார்த்தேன். அவள் என் முழங்கைக்கு மேலே, சட்டைக்குள் கைவிட்டு, மெல்லக் கிள்ளினாள். வீட்டு விஷயத்தை நாய் டாக்டரிடம்கூடச் சொல்லக்கூடாது என்பது அம்மாவின் சட்டம். ஆனால் கிள்ளு அத்தையைப் பற்றித்தானே, பெட்டியைப் பற்றி இல்லையே?

"ஒரு பெட்டி வந்திருக்கு" என்றேன். "மூணு வாரமா ஹால்ல நிக்குது."

"ஏன் நிக்குது? உள்ள எடுத்து வைக்கிறதுதானே?" என்று டாக்டர் அம்மாவைக் கேட்டார். அம்மா சங்கிலியைச் சரிசெய்தாள். டாக்டர் அதற்கு மேல் கேட்கவில்லை. அடிக்க வேண்டாம், பினாயில் வேண்டாம், சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வினிகர் கலந்த தண்ணீரால் துடையுங்கள், வாசனை அடியோடு போனால்தான் விடுவான், பெட்டிக்குச் சொந்தக்காரர் கையாலேயே சோறு வையுங்கள், ஒரு சின்னக் கருத்தடை ஆபரேஷன் செய்துவிட்டால் முக்கால்வாசி குறையும் என்று மடமடவென்று சொன்னார். நீலத் தண்ணீரைப் பற்றி நான் கேட்டபோது மட்டும் சிரித்தார்.

எனக்கு அதில் ஒரு வார்த்தை பிடித்துக்கொண்டது. எதையோ பார்த்துச் சந்தேகம். அந்த எதையோ என்பதைக் கண்டுபிடித்து அப்பாவின் முன்னால் வைத்துவிட்டால் ஜூலி தப்பிப்பான். வகுப்பில் அறிவியலில் நான்தான் முதல். ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று நாள் இருந்தது. என்னால் முடியாது என்று ஒரு நிமிடம்கூட எனக்குத் தோன்றவில்லை.

அறிவியல் நோட்டில் புதுப் பக்கம் எடுத்து, டீச்சர் போடச் சொல்வதுபோல நோக்கம், தேவையான பொருள்கள், செய்முறை, காண்பன, அறிவன என்று தலைப்புகள் போட்டேன். தேவையான பொருள்கள்: நாய் 1, பெட்டி 1, அத்தை 1.

வெள்ளிக்கிழமையும் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டேன். நாள் முழுவதும் சோதனைகள் நடந்தன. முதலில் அத்தையின் துவைத்த புடவையைத் தரையில் விரித்தேன். ஜூலி அதை முகர்ந்து, மூன்று சுற்றுச் சுற்றி, அதன்மேல் படுத்துத் தூங்கினான். ஆக, அத்தையின் மீது அவனுக்கு வழக்கு இல்லை. என் புத்தகப் பையைப் பெட்டி நின்ற இடத்தில் வைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. பெட்டியைச் சமையலறைக்கு உருட்டிப் போனேன். அரை மணி நேரத்தில் சமையலறையில் ஈரம். அம்மாவிடம் ஒரு குட்டு வாங்கினாலும் சோதனை வெற்றி. குற்றவாளி பெட்டிதான்.

சனிக்கிழமை காலை பெட்டியில் எந்த இடம் என்று பார்த்தேன். ஜூலி எப்போதும் சக்கரங்களில் ஆரம்பித்து, பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த சந்தில் மூக்கை நுழைக்கப் பார்ப்பான். நானும் அவனைப் போலவே முட்டி போட்டு, பெட்டியைச் சுவரிலிருந்து இழுத்துத் திருப்பி, முகர்ந்தேன். பின்பக்கத் துணியில் காய்ந்துபோன வெள்ளை வெள்ளையான கோடுகள் இருந்தன. கீழே இரண்டு. நல்ல உயரத்தில் ஒன்று. பெட்டி வந்த நாளிலிருந்து சுவரோடு ஒட்டி நின்ற பக்கம் அது. ஜூலியால் அங்கே அடித்திருக்க முடியாது. உயரத்துக் கோடு என் இடுப்புக்கு வந்தது. ஜூலி எவ்வளவு உயரத்துக்குக் காலைத் தூக்கினாலும் அங்கே எட்டாது. அப்படியானால் வேறு நாய்கள். ஒன்று இல்லை, இரண்டு மூன்று. ஜூலி பாவம், தன் வீட்டுக்குள் யாரோ எழுதிவிட்டுப் போனதன் மேல் தன் பேரை எழுதிக்கொண்டிருந்தான், அவ்வளவுதான்.

நோட்டை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்கு ஓடினேன். அத்தை படியில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, உங்க வீட்ல நாய் இருக்கா?"

"இல்லையே. ஏன்டி?"

"அப்ப இந்தப் பெட்டி எப்பவாவது தெருவுல இருந்துச்சா?"

அத்தை உரித்த பூண்டையே மறுபடி உரிக்கப் பார்த்தாள். "ஒரு நாள் இருந்துச்சு" என்றாள். "கேட்டுக்கு வெளிய."

"எவ்ளோ நேரம்?"

"காலையிலேர்ந்து. நீ ஸ்கூல் விட்டு வர்ற நேரம் வரைக்கும் இருக்கும்."

"அங்க தெருநாய் இருக்கா?"

"நெறைய இருக்கு கண்ணு."

நான் எழுதிக்கொண்டேன். நேரம், இடம், நாய்கள் நிறைய. அத்தைக்கு ஒரு முத்தம் கொடுத்துவிட்டு, ஹாலுக்கு ஓடி அறிவன என்ற தலைப்புக்குக் கீழே முடிவை எழுதி, அடிக்கோடு போட்டேன்.

அப்பா சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்து வந்து, டீ குடித்துக்கொண்டிருந்தார். எதிரில் நின்று, பள்ளிக்கூடத்தில் வாசிக்கிற குரலில் வாசித்தேன். நோக்கம், ஜூலி குற்றமற்றவன் என நிரூபித்தல். தேவையான பொருள்களுக்கு அப்பா சிரித்தார். புடவைச் சோதனைக்கும் தலையாட்டினார். காண்பனவில் பின்பக்கக் கோடுகளைப் பற்றி வாசித்தபோது எழுந்து போய்ப் பெட்டியின் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். நான் முடிவை வாசித்தேன். இந்தப் பெட்டி கேளம்பாக்கத்தில் காலை முதல் பள்ளி விடும் நேரம் வரை கேட்டுக்கு வெளியே தெருவில் வைக்கப்பட்டிருந்தது. தெருநாய்கள் பல அதன்மேல் சிறுநீர் கழித்தன. ஆகவே ஜூலியைக் குடோனுக்கு அனுப்பக் கூடாது.

அப்பா டம்ளரைக் கீழே வைத்தார்.

"கடைசியில படிச்சத இன்னொரு தடவை படி" என்றார்.

என் அறிக்கையை ஒருவர் இரண்டாம் முறை கேட்டது அதுதான் முதல் தடவை. இன்னும் நிறுத்தி, இன்னும் சத்தமாக வாசித்தேன். அப்பா என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் பின்கட்டு வாசலில் பூண்டுத் தட்டோடு நின்ற அத்தையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "என்கிட்ட ஏன்மா சொல்லல?" என்று கேட்டார். சமையலறையிலிருந்து அம்மாதான் சொன்னாள்.

"நீங்க கேக்கவே இல்லையே. எப்பக் கொண்டு போய் விடறதுன்னுதானே பேசிட்டிருந்தீங்க."

அப்பா எழுந்தார். பெட்டியைத் தூக்கிப் போய்க் கட்டிலின் மேல் வைத்துத் திறந்தார். அம்மா பீரோவைத் திறந்து, இரண்டாவது தட்டில் இருந்த தன் பட்டுப்புடவைகளையும் என் பழைய சட்டைகளையும் வாரி எடுத்துத் துணி மூட்டையாகக் கட்டினாள். அந்தத் தட்டில் அத்தையின் துணிமணிகள் அடுக்கப்பட்டன. நான் டாக்டர் சொன்னதை நினைத்துக்கொண்டேன். சாமானை உள்ளே எடுத்து வைக்கச் சொன்னாரே, பரவாயில்லை, ஒருவழியாகச் செய்கிறார்கள் என்று திருப்தியாக இருந்தது.

காலிப் பெட்டியை அப்பா துவைக்கிற கல்லுக்குக் கொண்டுபோனார். சாப்பிட்ட தட்டைக்கூட எடுத்து வைக்காத மனிதர். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சோப்புப் போட்டுத் தேய்த்தார். தண்ணீர் ஊற்றிவிட்டு மறுபடி தேய்த்தார். நான் வினிகர் கலந்து கொடுத்தேன். பழைய பல்துலக்கும் பிரஷ்ஷை வாங்கி நாலு சக்கரங்களையும் ஒவ்வொன்றாகச் சுற்றிச் சுற்றித் தேய்த்தார். "போதும்பா, வாசனை போயிடுச்சு" என்று நான் முகர்ந்து பார்த்துச் சொன்னேன். அவர் கேட்கவில்லை. துணி வெளுத்துப் போகிற அளவுக்குத் தேய்த்தார். மூக்கை உறிஞ்சிக்கொண்டே தேய்த்தார். வினிகர் நெடி என்று நினைத்தேன்.

கையைத் துடைத்துக்கொண்டு இரண்டு போன் செய்தார். ஒன்று காருக்கு, நாளைக்கு வேண்டாம் என்று. இரண்டாவது கேளம்பாக்கத்துக்கு. அதில் இரண்டே வாக்கியம்தான். "நீங்க வெளியில வச்ச பெட்டியை நான் கழுவி உள்ள வச்சிட்டேன். இனிமே அது அங்க வராது." அப்பா அவ்வளவு தெளிவாகப் பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை. பெட்டி அங்கே போனால் மறுபடி தெருநாய் அடிக்கும், மறுபடி இங்கே வந்தால் ஜூலி அடிப்பான். அப்பாவுக்கு விஷயம் முழுசாகப் புரிந்துவிட்டது என்று எனக்கு ஒரே பெருமை.

அதற்கப்புறம் எல்லாம் நான் சொன்னபடிதான் நடந்தது. பெட்டி காய்ந்து பரணுக்குப் போயிற்று. அது நின்ற இடத்தில் ஜூலியின் சாப்பாட்டுத் தட்டு வந்தது. தின்கிற இடத்தை எந்த நாயும் ஈரமாக்காது. மோர்ச்சோறும் ஒரு அவித்த முட்டையும் அத்தை கையாலேயே வைப்பாள். பத்தே நாளில் அவள் காலடியை விட்டு நகராதவனாக ஆகிவிட்டான். அடுத்த மாதம் ஆபரேஷனும் ஆயிற்று. மிச்சம் இருந்த பத்து பாட்டில் நீலத் தண்ணீரை அம்மா வெள்ளைத் துணிகளுக்குச் செலவழித்துத் தீர்த்தாள். ஒரே ஒருமுறை, இரண்டு வருடம் கழித்து, பழைய சைக்கிள் ஒன்றை அப்பா வாங்கி வந்தபோது ஜூலி அதன் டயரில் ஒரு சந்தேகம் தெரிவித்தான். வினிகர் போட்டுத் துடைத்தோம். அத்தோடு சரி.

அத்தை எங்கள் வீட்டில் ஆறு வருடம் இருந்தாள். தாம்பரத்தில் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். இப்போது சேலையூரில் தனியாக, சந்தோஷமாக இருக்கிறாள். நான் போகும்போதெல்லாம், "என் வக்கீலம்மா வந்துட்டாங்க" என்று எல்லோரிடமும் சொல்வாள். நான் ஜூலிக்காக வாதாடியதைச் சொல்கிறாள் என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன்.

போன மாதம் எங்கள் கட்டடத்தில் மூன்றாவது மாடியில் ஒரு வீட்டில் இதே தொல்லை. பழைய நாற்காலி ஒன்றை வாங்கி வந்திருந்தார்கள். வழக்கம்போல, "இது எவ்ளோ நேரம் தெருவுல இருந்துச்சு?" என்று கேட்டேன். கடைக்காரர் பகல் பூராவும் வெயிலில் போட்டிருந்தார் என்று அந்தம்மா சொன்னார். பாருங்கள், நிறமே போயிருக்கிறது என்று காட்டினார். அத்தை வந்த அன்றைக்கு அவள் முகமும் கையும் கன்றிக் கறுத்திருந்தது எனக்கு ஞாபகம் வந்தது.

பெட்டி எங்கே நின்றது, எவ்வளவு நேரம் நின்றது, எத்தனை நாய்கள் வந்தன என்று எல்லாவற்றையும் கேட்டு நோட்டில் எழுதினேன். காலையிலிருந்து பள்ளிக்கூடம் விடுகிற நேரம் வரை அந்தப் பெட்டி பூட்டிய கேட்டுக்கு வெளியே நின்றதென்றால், அவ்வளவு நேரமும் அத்தை எங்கே நின்றாள் என்று நான் கேட்கவில்லை.